குரல் நின்றால் பெட்டி நிற்கும்

வீட்டில் வாயே திறக்காத மனுஷர், துறைமுகத்தில் நாள் முழுக்கப் பேசித்தான் சம்பளம் வாங்குகிறார் என்றால் யார் நம்புவார்கள்? அவர் மனைவிக்கே சிரிப்பு வரும். கன்டெய்னர் அடுக்கும் முற்றத்தில் கீழே நின்று, மேலே இருக்கும் கிரேன்காரருக்கு வயர்லெஸ்ஸில் வழி சொல்வது அவர் வேலை. பெட்டி தரையைத் தொடும்வரை "இறக்கு, இறக்கு, இறக்கு" என்று விடாமல் சொல்ல வேண்டும். குரல் நின்றால், காரணம் எதுவானாலும், கிரேன்காரர் பெட்டியை அந்தரத்தில் நிறுத்திவிடுவார்.

மனைவி அந்த வயர்லெஸ்ஸைச் செய்யும் கம்பெனியில் இன்ஜினியர். இரும்புப் பெட்டிகளில் முட்டி மோதி, ஒரே சிக்னல் நாலைந்து வழியில் முன்னும் பின்னுமாக வந்து ஒன்றன்மேல் ஒன்று விழும். அந்தக் குழப்பத்தைக் கழிப்பதுதான் அவள் பிழைப்பு. கருவியைப் போட்டதும் இரு பக்கமும் முன்பே அறிந்த ஒரு சங்கேதம் போகும். அது எப்படிச் சிதைந்து வந்திருக்கிறது என்று பார்த்து, கேட்கும் கருவி தன்னைத் திருத்திக்கொள்ளும். அதன்பிறகு தன் ஊகமே சரி என்று நம்பித் திருத்திக்கொண்டு போகும். சங்கேதம் ஒரு தடவை போதும் என்று முடிவு செய்தவள் அவள்தான். விடுமுறை நாளில், ஒரு லாரிகூட அசையாத முற்றத்தில் சோதித்துப் பார்த்தாள். குரல் பளிங்கு மாதிரி வந்தது. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை அவளுக்கு.

வேலைநாள் சோதனையில் கீழே நின்றது அவள் கணவர். அவள் கிரேன் அறையில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள். பெட்டி பாதி இறங்கியபோது பக்கத்து அடுக்கிலிருந்த பெட்டிகளை லாரிகள் ஏற்றிக்கொண்டு நகர்ந்தன. குரல் கரகரத்தது, கொழகொழத்தது, பேச்சா இரைச்சலா என்றே தெரியவில்லை. கீழே அவர் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். காற்றில் திரும்பிய பெட்டி அவர் பக்கமாக வந்துகொண்டிருந்தது.

கிரேன்காரர் நிறுத்திவிட்டார். "நல்லவேளை, எனக்குச் சந்தேகம் வந்துச்சு மேடம்" என்றார். அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

தப்பு அவளுக்குப் புரிந்துவிட்டது. அடுக்கு நகர்ந்ததும் சிக்னல் முட்டி மோதி வரும் வழி மாறிவிட்டது. கருவியோ தன் தப்பான ஊகத்தையே பிடித்துக்கொண்டு மேலும் மேலும் கெட்டது. இனி பேச்சின் ஒவ்வொரு துணுக்கோடும் சங்கேதமும் போகட்டும் என்று மாற்றினாள். அதற்கு இடம் விட்டதில் குரல் கொஞ்சம் மெலிந்தது. மெலிந்தால் மெலியட்டும், போங்கள்!

மறு சோதனைக்கு முந்தைய மாலை அவரிடம் கெஞ்சினாள். "நாளைக்கு நீங்க நிக்க வேண்டாங்க. வேற யாரையாவது நிக்கச் சொல்லுங்க."

"அவனுக்கும் வீட்டுல ஒருத்தி இருப்பாளே" என்றார்.

மறுநாள் லாரிகள் ஓடின, அடுக்குகள் மாறின. மெலிந்த குரல் கடைசிவரை அறுபடாமல் வந்தது. பெட்டி தரையில் உட்கார்ந்த பிறகுதான் அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

அன்று மாலை, வழக்கம்போல, சாப்பாட்டு மேஜையில் அவர் மௌனமாக உட்கார்ந்திருந்தார். சூடான பாத்திரத்தைத் துணியால் பிடித்தபடி அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏதாவது பேசுங்களேன். நீங்க சும்மா இருந்தா எனக்குப் பயமா இருக்கு."

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு பாத்திரத்தைப் பார்த்தார்.

"இறக்கு" என்றார். "இறக்கு, இறக்கு, இறக்கு…"

அவள் மெல்ல இறக்கினாள். பாத்திரம் மேஜையைத் தொட்ட பிறகும் அவர் நிறுத்தவில்லை.