ஒரு விரக்கடை உயரம்

நனைந்த தென்னங்கயிற்றின் வாசனை எங்கே வந்தாலும் என் இடது தோள் தானாகச் சற்று உயரும். சாமி புறப்பாட்டுக்கு முன் வாகனத்தைத் தண்டுகளோடு சேர்த்துக் கட்டுகிற கயிறு அது. நனைத்துக் கட்டினால்தான் நழுவாது. போன வாரம் ஆணி வாங்கப் போன கடையின் வாசலில் ஒரு கயிற்றுச் சுருள் மழையில் ஊறிக் கிடந்தது. நான் தோளைத் தூக்கிக்கொண்டு நின்றேன். சுளுக்கா என்று கேட்டார் கடைக்காரர்.

காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக் கோயிலின் சாமியைத் தெருக்காரர்களே தூக்குவோம். முன் தண்டில், இடப்பக்கம், என் இடம். எனக்குப் பின்னால் என் மச்சான், மனைவியின் அண்ணன். ஒரு தண்டில் அடுத்தடுத்து நிற்பவர்கள் ஒரே உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நெட்டையன் சுமப்பான், குட்டையன் உலா போவான்.

ஒரு வருடத் திருவிழாவில், வீதி முனையில் சாமி திரும்பும்போது, என் முதுகில் யாரோ கொக்கி மாட்டி இழுத்ததுபோல் ஒரு பிடிப்பு. தண்டை விட்டு வெளியே வந்துவிட்டேன். கையில் கோலோடு முன்னால் நடந்து எங்களை நடத்துபவர் என் பெரியப்பா. அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அடுத்த வருசம் நீ கொடை புடிப்பா" என்றார், அவ்வளவு மெதுவாக. குடை பிடிப்பது இழிவில்லை. ஆனால் எங்கள் தெருவில் குடை, முழங்கால் ராஜினாமா செய்தவர்களுக்கு உரியது.

என் பிழைப்பு அப்படி. கம்ப்யூட்டரில் புடவைக்கு டிசைன் போடுகிறேன். பார்டரில் மயிலின் கழுத்து நீள நீள, என் கழுத்து தோளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த முறை தண்டை விடுவதில்லை என்று ஓரிக்கை சாலையில் ஒரு மாடி ஜிம்முக்குப் போனேன். அன்றாட வேலைக்கு உடம்பைப் பழக்கும் பயிற்சியாம். கற்றுக்கொடுக்கும் பெண் எனக்கு இரும்பைக் காட்டவே இல்லை.

"வெயிட்டெல்லாம் அப்புறம் அங்கிள். மொதல்ல கீழ உக்காந்து, கைய ஊணாம எழுந்திருங்க."

உட்கார்ந்தேன். எழுந்தது வேறு கதை. பிறகு ஒரு கையில் தண்ணீர் கேனோடு படியேறச் சொன்னாள். அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு நடக்கச் சொன்னாள். சுவரில் முதுகை ஒட்டி நிற்கவைத்து, இன்னும், இன்னும் என்றாள். வீட்டில் இதையெல்லாம் விவரித்தேன். இதைத்தானே கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறேன் என்று என் மனைவி காஸ் சிலிண்டரைக் காட்டினாள். அன்றிலிருந்து சிலிண்டர் என் பொறுப்பு.

மாதங்கள் போயின. குனிந்தால் நிமிர முடிந்தது. வேட்டி கணுக்காலுக்கு மேலே ஏறியது. சலவையில் சுருங்கிவிட்டது என்று நினைத்தேன்.

திருவிழா வந்தது. முதுகு சரியாகிவிட்டது, குடை வேண்டாம் என்று பெரியப்பாவிடம் கெஞ்சி என் இடத்தைத் திரும்ப வாங்கினேன். தூக்குவதற்கு முன் பக்கத்து ஆளோடு முதுகோடு முதுகு ஒட்டி நின்று உயரம் பார்ப்பது வழக்கம். பல வருட ஜோடி என்பதால் மச்சானையும் என்னையும் மட்டும் பெரியப்பா பார்க்கவில்லை. இத்தனை வயதுக்கு மேல் எவன் வளரப்போகிறான்?

தூக்கினோம். சாமி ஒரு வருடத்தில் கனத்திருந்தார். மூச்சை விடு, நெஞ்சைத் திற, அந்தப் பெண்ணின் குரல் காதுக்குள். நடந்தேன். வீதி முனை வந்தது, திரும்பினோம், முதுகு தாங்கியது. பின்னால் மச்சான் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். தண்டுக்கடியில் அவர் இதுவரை வசவைத் தவிர வேறெதுவும் பாடியதில்லை.

பெரியப்பாவுக்கும் சந்தேகம். கோலை மச்சானின் தோளுக்கும் தண்டுக்கும் நடுவே விட்டார். அது இடிபடாமல் அந்தப் பக்கம் வந்தது.

"இன்னாய்யா, தோளு சும்மா வந்துக்கினு இருக்குது?"

"நான் நிமிந்துதான் வரேன் பெரிப்பா. உங்க புள்ளதான் வளந்துட்டான்."

சாமியைத் தாங்குகட்டைகளில் நிறுத்தி, நடுவீதியில் எங்களை முதுகோடு முதுகாக நிற்கவைத்துப் பார்த்தார்கள். நான் ஒரு விரல் அகலம், ஒரு விரக்கடை, உயரம். நெட்டையர்களுக்குப் பின் தண்டு, அங்கே இடமில்லை. முதுகு வளைந்தபோது போக இருந்த இடம், நிமிர்ந்ததால் போகிறது. குடைக்காரர் குடையை என் பக்கம் நீட்டியேவிட்டார்.

பழையபடி கூனிக்கொள்கிறேன் என்றேன். கூனிப் பார்த்தேன். அந்தக் கூன் எங்கே போனதோ, கிடைக்கவில்லை. தெருவே சிரித்தது.

பெரியப்பா சிரிக்கவில்லை. தன் இடுப்புத் துண்டை அவிழ்த்து, மடித்து மடித்து, மச்சானின் தோளில் வைத்தார். மறுபடி தூக்கச் சொன்னார். கோலை விட்டுப் பார்த்தார். நுழையவில்லை. என் தோளிலிருந்து பாதி சாமி இறங்கிப் போனார். பின்னால் பாட்டு நின்று, வசவு தொடங்கியது. எனக்கு அது மங்கல வாத்தியம்.

சாமி உள்ளே போனதும், மச்சானும் நானும் வீடுகள் பிரிகிற முனை வரை சேர்ந்து நடந்தோம். அவர் தோளைத் தேய்த்துக்கொண்டே வந்தார். முனையில் நின்றார்.

"மாப்ள, நாளைக்கு அந்தப் பொண்ணாண்ட என்னியும் இட்டுக்கினு போ. ஒரு விரக்கடை போதும்னு சொல்லு. அதுக்கு மேல வளத்துட்டா நான் கொடை புடிக்கணும்."