ஹெட் கழட்டிய பிளஷர் கார்

அத்தாவுக்குக் கார் ரிப்பேர் வேலை. செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டை ஒட்டியே கொட்டகை. ஒருநாள் அரிசி மில்காரருடைய பழைய பிளஷர் காரில் இன்ஜினை மூடுகிற ஹெட்டைக் கழட்டி வைத்திருந்தார். உள்ளே பிஸ்டன் ஏறி இறங்குகிற நாலு குழி. தூசி விழாமல் நாலிலும் துணி அடைத்திருந்தார். ஒரு சின்ன நட்டு விழுந்தாலும் இன்ஜின் உடைந்துவிடும் என்பார். உடைவது என்றால் பட்டாசு மாதிரி வெடிப்பது என்று நான் நினைத்திருந்தேன்.

அதில் ஒரு துணி அம்மாவின் கிழிந்த புடவை. மஞ்சள் பூப் போட்டது. அத்தா தொழப் போயிருந்த நேரம், பொம்மைக்குச் சுற்றலாம் என்று அதை உருவினேன். குனிந்து பார்த்தபோது என் காதுத் தோடு கழன்று குழிக்குள் விழுந்தது. உள்ளே எண்ணெய்க் கறுப்பு. கை விடப் பயம். செருப்புச் சத்தம் கேட்டதும் துணியை மறுபடி அடைத்துவிட்டு ஓடினேன்.

அன்று சாயங்காலம் மில்காரர் வீட்டு மாப்பிள்ளை அழைப்பு. ஊர்வலத்துக்குக் கார் வேண்டும் என்று மில்காரரே வந்து தலைமேல் நின்றார். அந்த அவசரத்தில் அத்தா துணிகளை உருவிவிட்டு, குழியைச் சரியாகப் பார்க்காமலே ஹெட்டை ஏற்றி நட்டுகளை முடுக்கினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். மாலையும் பூவுமாக மாப்பிள்ளை வெடித்துச் சிதறுவது கண்ணுக்குத் தெரிந்தது. அத்தா வண்டியைக் கிளப்ப முன்பக்கம் ஹேண்டிலைச் சொருகினார். ஓடிப்போய் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

நகரச் சொன்னவர் என் காதைப் பார்த்தார்.

"தோடு எங்கம்மா?"

இன்ஜினைக் காட்டினேன். எனக்குக் கால் நனைந்துவிட்டது.

அத்தா ஹேண்டிலை உருவிக் கீழே வைத்தார். பிறகு மில்காரர் பக்கம் திரும்பினார்.

"கை தவறி ஒரு வாஷரை உள்ள வுட்டுட்டேங்க. திரும்பக் கழட்டணும்."

"நல்லா இருக்கு பாய். மாப்பிள்ளைய நடத்தியே இட்டுனு போறேன்."

மாப்பிள்ளை குதிரை வண்டியில் போனாராம்.

அத்தா என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. தப்பித்தேன் என்று சந்தோஷப்பட்டேன். அதற்கப்புறம் அந்தக் கார் வரவில்லை. மில்காரருடைய சொந்தக்காரர்கள் கார்களும் வரவில்லை. கொட்டகை பெருக்கினபடியே கிடந்தது. பகலெல்லாம் அத்தா என்னோடு தாயம் ஆட உட்கார்ந்தார். என்மேல் அவருக்குப் பிரியம் ஜாஸ்தியாகிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டேன்.