தகப்பன்மாரின் பேரில் பதிந்த முத்திரைகள்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த கிழமை, பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாமல் குணலட்சுமி அக்காவின் கடைக்குப் போனேன். அச்சுவேலிச் சந்தையிலிருந்து எங்கள் ஊருக்குத் திரும்பும் வழியில் இருக்கிற சின்னக் கொமினிக்கேசன் அது. போட்டோக் கொப்பி, ரீலோட், கடவுச்சீட்டுப் படம், விசா விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் சனம் அங்கேதான் போகும். டென்மார்க்கிலிருந்து மாமா முன்னொரு காலம் அனுப்பிய கடித உறைக்குள் என் சான்றிதழ்களை வைத்துக் கொண்டுபோயிருந்தேன். அக்கா சான்றிதழ்களைப் பார்க்கவில்லை. உறையில் ஒட்டியிருந்த தபால் முத்திரையைப் பார்த்தார்.

"தம்பி, உந்த முத்திரை உமக்குத் தேவையோ?"

"இல்லை அக்கா. ஏன்?"

"அப்ப விண்ணப்பம் நிரப்புற கூலி உதுதான். இரும்."

என் அப்பா வெங்காயத் தோட்டம் செய்கிறவர். அதற்கு முன் எங்கள் வீட்டில் யாரும் அந்த விண்ணப்பத்தைக் கண்டதில்லை. எந்தப் படிப்பை முதலில் போடுவது என்று ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அக்கா திரையைப் பார்த்தபடியே, "உமக்கு விருப்பமானதை மேலை போடும். சனம் சொல்லுறதைக் கீழை போடும். சனம் உம்மோடை வந்து படிக்கப் போறேல்லை" என்றார். கணினி விஞ்ஞானத்தை மேலே போட்டோம். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. சொல்லும்போதெல்லாம் அந்தக் கடையும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

அக்காவுக்கு இப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். "கலியாணம் கட்டேல்லையோ?" என்று கேட்பவர்களிடம், "போட்டோக் கொப்பி மிசினோடை எப்பவோ கலியாண எழுத்து முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அவர் முத்திரை சேர்த்தது அந்த மேசையில் இருந்துதான். வெளிநாட்டிலிருந்து பத்திரங்கள் வரும் உறைகளை ஆட்கள் அங்கேயே போட்டுவிட்டுப் போவார்கள். அவர் உறையின் மூலையை வெட்டித் தண்ணீரில் ஊறவிடுவார். முத்திரை தானாகக் கழன்று மிதக்கும். அதை எடுத்துப் பழைய பத்திரிகைத் தாள்களுக்கு நடுவே காயவைப்பார்.

ஞாயிறு பின்னேரங்களில் சனசமூக நிலையத்தின் பின் அறையில் பிள்ளைகளுக்கு முத்திரைக் கழகம் நடத்தினார். "பிள்ளையளுக்குக் கிழமையிலை ஒரு மணித்தியாலமாவது புள்ளி போடாத நேரம் வேணும்" என்பது அவருடைய நியாயம். ஆனால் பத்திரங்கள் இப்போது வாட்சப்பில் வருகின்றன. உறையும் இல்லை, முத்திரையும் இல்லை. நான் படித்து முடித்து யாழ்ப்பாணத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது கழகத்தில் மூன்று பிள்ளைகள் மிஞ்சியிருந்தார்கள். நிலையத் தலைவர் அருட்செல்வன் அண்ணை ஒருநாள் கடைக்கே வந்து சொல்லிவிட்டார்: மாசி மாதப் பொதுக்கூட்டத்துக்குள் அறை நிரம்பாவிட்டால், அந்த நேரமும் முத்திரை வைக்கும் அலுமாரியும் ரியூசன் வகுப்புக்கு.

அக்கா அன்று பின்னேரம் என்னிடம் கேட்டார். "நீர் கம்பியூட்டர் படிச்சனீர்தானே. இந்தக் காலத்துப் பிள்ளையள் எதைச் சேர்க்குதுகள்?"

டிஜிட்டல் சேகரிப்புகளைப் பற்றிச் சொன்னேன். ஒரு படத்துக்கு இலக்கம் கொடுத்து, அது யாருடையது என்று எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு பதிவில் எழுதிவைப்பது. படத்தை உலகமே பார்க்கலாம். ஆனால் அது ஒருவருக்குத்தான் சொந்தம்.

அக்கா கொஞ்சம் யோசித்தார். "அப்ப உது காணி உறுதி மாதிரி. வேலிக்கு வெளியிலை நிண்டு ஆரும் பாக்கலாம். உறுதியிலை பேர் ஒராளின்ரை."

நான் நாலு வருடம் படித்ததை ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டாரே என்று சிரித்தேன். "சிரிக்காதையும். நாவூறின தண்ணி படாத முத்திரையும் ஒரு முத்திரையோ? எண்டாலும் செய்து பாப்பம்" என்றார்.

பிள்ளைகளின் குழுக்களுக்கென்று இலவசமாக நடக்கும் ஒரு தளம் கிடைத்தது. அங்கே காசுக்கு விற்க முடியாது, ஒருவரோடொருவர் மாற்றிக்கொள்ளலாம். பிள்ளைகள் தாங்களே கீறிய படங்களை முத்திரையாக்கினார்கள். ஒரு மாதத்தில் கழகத்தில் இருபதுக்கு மேல் பிள்ளைகள். கணக்குகளை எல்லாம் அக்காவே கடைக் கணினியில் திறந்தார்.

பிள்ளைகள் கழகத்துக்கு வந்தார்கள், அறைக்கு வரவில்லை. வீட்டிலிருந்தே ஃபோனில் மாற்றிக்கொண்டார்கள். ஞாயிறு நாலு மணிக்கு அதே மூன்று பேர்தான்.

அருட்செல்வன் அண்ணை எட்டிப் பார்த்தார். "கழகம் பெருத்திட்டுதாம். சந்தோசம். எல்லாரும் ஃபோனுக்கை இருக்கினம் எண்டால், அறை ஆருக்கு, குணம்?"

அவர் சொன்னது சரிதான் என்பதுதான் அக்காவை வருத்தியது. அன்று அலுமாரியைத் துடைத்துப் பூட்டி, திறப்பைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்த புதன்கிழமை அருட்செல்வன் அண்ணையின் மகள் ஆரபி கடைக்கு ஓடிவந்தாள். "அக்கா, நான் கீறின முத்திரை அப்பான்ரை பேரிலை கிடக்கு."

பார்த்தோம். ஆரபியுடையது மட்டுமில்லை. எல்லா முத்திரைகளும் தகப்பன்மாரின் பேரில் கிடந்தன. தளத்தில் பேருக்கு இரண்டு பெட்டிகள். வெள்ளைக்காரன் முதல் பெட்டியில் தன் பேரை எழுதுவான். எங்களுக்கோ குடும்பப் பேர் என்று ஒன்று இல்லை, தகப்பனின் பேர்தான் முன்னால் நிற்கும். குடும்பப் பேரை முதலில் கேட்கும் விசா விண்ணப்பங்களை வருடக்கணக்காக நிரப்பிய அக்காவின் கை, முதல் பெட்டியைக் கண்டதும் தகப்பனின் பேரை எழுதியிருந்தது. தளம் முதல் பெட்டியில் இருந்தவரையே உடைமையாளர் ஆக்கிவிட்டது. பதிந்ததை அழிக்க முடியாது. பிள்ளையின் பேரில் புதுக் கணக்குத் திறந்து மாற்றிக் கொடுக்கலாம். அதற்குப் பெற்றோரின் ஃபோனுக்கு ஒரு குறியீடு வரும்.

"பிரச்சினை இல்லை அக்கா. ஒவ்வொருத்தருக்கும் கோல் எடுத்துக் குறியீட்டைக் கேட்டால் இண்டைக்கே முடிச்சிடலாம்" என்றேன்.

அக்கா என் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார். "பொறும் தம்பி. உறுதி மாத்துறதெண்டால் எழுதிக் குடுக்கிற ஆள் நேரை வாறதுதானே முறை."

பெற்றோரின் வாட்சப் குழுவில் அவர் குரல் பதிவு போட்டார்: "பேர் மாறிப் பதிஞ்சது என்ரை பிழை. பிள்ளையளின்ரை முத்திரையள் இப்ப தகப்பன்மாரின்ரை பேரிலை கிடக்கு. ஞாயிறு பின்னேரம் நிலையத்துக்கு வந்து பிள்ளைக்கு எழுதிக் குடுத்தால் நல்லம்."

அந்த ஞாயிறு முதலில் வந்தவர் அருட்செல்வன் அண்ணைதான். வாசலிலேயே தொடங்கிவிட்டார். "பிரான்சிலை இருந்து மச்சான் உந்தப் பதிவைப் பாத்திட்டுக் கோல் எடுத்து, 'அத்தான் இப்ப முத்திரை கீறுறாராம்' எண்டு நக்கலடிக்கிறான். அதுவும் என்ன படம் எண்டு பாத்தனீங்களோ, குணம்?"

ஆரபி கீறியிருந்தது லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஓட்டும் அப்பாவை.

"வண்டியைக் கொஞ்சம் பெரிசாக் கீறிப்போட்டாள்" என்றார்.

"எந்த வண்டியை அப்பா?" என்றாள் ஆரபி. எங்கள் ஊரில் தொந்திக்கும் வண்டி என்றுதான் பேர். அவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த தகப்பன்மார் சிரித்ததில், அவரும் வயிற்றைத் தடவிக்கொண்டு சிரிக்கவேண்டி வந்தது.

பின் அறை அன்று நிறைந்துவிட்டது. அத்தனை ஃபோனும் ஒன்றாகச் சேர்ந்ததில் நெற் இழுபட்டது. குறியீடு வரப் பிந்தியது. சும்மா நின்ற தகப்பன்மாருக்கு அக்கா ஆளுக்கொரு கோப்பைத் தண்ணீரும் வெட்டிவைத்த உறை மூலைகளும் கொடுத்தார். "இதையும் ஒருக்கா ஊறவிடுங்கோவன்."

கொஞ்ச நேரத்தில், மூட்டை தூக்கும் பெரிய விரல்கள் ஈர முத்திரைகளைக் கிழியாமல் எடுத்துக்கொண்டிருந்தன. "இது சுவிசோ? எங்கடை பெரியண்ணை இருக்கிற இடம்" என்றார் ஒருவர். இன்னொருவர் தன் வீட்டுச் சூட்கேசுக்குள் கட்டுக்கட்டாகக் கடிதம் கிடக்கிறது என்றார். அருட்செல்வன் அண்ணையின் ஃபோனுக்குக் குறியீடு வந்தபோது ஆரபிதான் கூப்பிட வேண்டியிருந்தது. அவர் ஜெர்மன் முத்திரை ஒன்றை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார்.

"வாறன் பிள்ளை. உது கழரட்டும்."

பிறகு கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்து, கண்ணாடி போட்டு, இலக்கங்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். திரையில் பேர் மாறியது. 'ஆரபி' என்று வந்ததை அவர் இரண்டுமுறை வாசித்தார். "நான் உயிரோடை இருக்கேக்கையே எழுதிக் குடுத்திட்டன். என்னைப் பாக்கவேணும் சொல்லிப்போட்டன்" என்றார்.

அடுத்த ஞாயிறு மாற்றிக் கொடுக்க எதுவும் மிச்சமிருக்கவில்லை. ஆனாலும் தகப்பன்மார் பழைய கடிதங்களோடு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பிள்ளைகளும் வந்தார்கள், ஃபோனில் மாற்றுவதை இப்போது பக்கத்தில் இருந்து சண்டை பிடித்து மாற்றினார்கள். மாசிப் பொதுக்கூட்டத்தில் ரியூசன் கதை எழும்பியபோது, அருட்செல்வன் அண்ணையே எழும்பிச் சொன்னார்: "ரியூசனுக்குக் காலமை அறை சும்மா கிடக்கு. பின்னேரம் ஏலாது. பின்னேரம் எனக்கு வேலை இருக்கு."

கடதாசி முத்திரை தோற்றது, டிஜிட்டல் வென்றது என்று எழுதச் சிலருக்கு ஆசை வரும். எங்கள் அறையில் நான் அப்படி எதையும் காணவில்லை. பிள்ளைகளுக்கு அது பிடித்தது, தகப்பன்மாருக்கு இது பிடித்தது, ஒரு மேசையில் இரண்டுக்கும் இடம் இருந்தது. என்னை முதலில் படிவத்தின் மேல் வரிக்கும், பிறகு இந்த மேசைக்கும் கொண்டுவந்தவர் குணலட்சுமி அக்கா. அந்த நன்றியில்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா இப்போதும் அதே கொமினிக்கேசனை நடத்துகிறார். நிலையத்தின் நிர்வாக சபையில் இந்த வருடம் அவரும் ஓர் உறுப்பினர். ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டுக் கழகத்துக்கு வருகிறார்.