சைனபா இத்தா காப்பாற்றாத மனிதர்கள்

மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் குடியிருந்த தமிழ் எழுத்தாளர் சைனபா இத்தாவின் மரணச் செய்தி மீன்காரி வழியாகத்தான் எனக்கு வந்தது. "இத்தா கதவு தொறக்கலையே சேச்சி, நேத்தும் விளிச்சேன்," என்றாள். நான் நம்பவில்லை. முந்தின மாலையும் அவர் வீட்டு மாடி விளக்கு எரிந்ததே! கதவை உடைத்துப் பார்த்தபோது, அவர் போய் இரண்டு நாளாகியிருந்தது.

சுள்ளிக்கல்லில் நான் டிடிபி கடை வைத்திருக்கிறேன். அவருடைய அறிவியல் புனைகதைகளைத் தட்டச்சு செய்தவள் நானே. மிளகுக் கிடங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு செவ்வாய்க் கிரகத்துக்கு ஆள் அனுப்புகிறாரே என்று கேலி செய்வேன். அனுப்பிய ஒருவரும் வீடு திரும்பியதில்லை. எல்லாரும் எங்கோ தனியாகவே மாண்டார்கள்.

"ஒருத்தனையாச்சும் காப்பாத்துங்களேன் இத்தா," என்று சண்டை பிடிப்பேன்.

"நான் காப்பாத்திட்டா படிக்கிறவ நிம்மதியாத் தூங்கிடுவா. எழுந்து போயி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட மாட்டா," என்பார்.

கணவர் மௌத்தாகித் தனியான பிறகு, அந்தி நேரத்து மக்ரிப் பாங்கு கேட்டதும் மாடி விளக்கைப் போடுவார். அது எரிந்தால் இத்தா நலம். சந்தில் நாங்கள் பேசிவைத்த ஏற்பாடு அது. போன விடுமுறைக்குத் துபாயிலிருந்து வந்த மகன் அன்வர், உம்மா படியில் விழுந்துவிடக் கூடாதே என்று, இருட்டினால் தானே எரியும் விளக்கை மாட்டிவிட்டுப் போனார். எங்களுக்கு அது தெரியாது.

அதன் பிறகு அவர் எழுதியதுதான் கடைசிக் கதை. நிலவில் ஒரு காவலாளி. 'நலம்' என்று அவன் தினமும் பூமிக்குச் சொல்ல வேண்டியதை ஓர் இயந்திரம் சொல்லத் தொடங்குகிறது. அவன் செத்த பிறகும் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

"இப்படியா ஏமாறுவாங்க?" என்றேன்.

"நம்பறதுதானே எளுப்பம், போய்ப் பாக்கறதுதான் கஷ்டம்," என்று சிரித்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள்தான் அன்வர் வந்து சேர்ந்தார். தமிழ் பேசுவார், படிக்கத் தெரிந்தது மலையாளம் மட்டுமே. "உம்மா கடைசியா எழுதின கதையை வாயிச்சுத் தாங்க அக்கா," என்றார். மேஜைமேல் இருந்த தாள்களை என் பக்கம் நகர்த்தினார். காவலாளி விழும் இடம்வரை வாசித்தேன். விளக்கை மாட்டியவர் என் எதிரே உட்கார்ந்திருந்தார். பிறகு, எழுதாததை வாசித்தேன்: பூமியில் ஒருத்திக்குச் சந்தேகம் வந்தது, கப்பல் புறப்பட்டது, அவனை உயிரோடு மீட்டது.

"அப்போ நான் வருவேன்னு உம்மாக்கு விசுவாசம் இருந்தது," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆமாம் என்றேன்.

இத்தா, உங்கள் எழுத்தில் ஒரு புள்ளியைக்கூட என்னைத் தொட விட்டதில்லை நீங்கள். அச்சுக்கு உங்கள் முடிவைத்தான் அனுப்பியிருக்கிறேன். நேற்று அன்வர் துபாயிலிருந்து பேசினார். உங்கள் கதைகளைத் தானே வாசிக்கத் தமிழ் எழுத்துப் படிக்கிறாராம். போய் வாருங்கள். இறைவன் உங்களைத் தனியே விடாதிருக்கட்டும். உங்கள் பிள்ளை அந்தக் கதையை வாசித்து முடிக்கும் நாளில், அவர் பக்கத்திலும் யாராவது இருக்கட்டும்.