கல்லுக்குக் கீழே அப்பாவின் காகிதம்

ஆறாம் வகுப்போடு நின்றவள், நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள். நான் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், வாசகர்கள் பொறுக்க வேண்டும். சலூன் பவுடர் வாசனை எங்காவது மூக்கில் பட்டால் எனக்குப் பதினோரு வயதாகிவிடுகிறது. அதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் போலிருக்கிறது.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த சமயம் அது. நாங்கள் மலாக்காவில், காஜா பெராங்கில் வாடகை வீட்டில் இருந்தோம். ரப்பர் கிடங்கில் மூட்டை தூக்கிய அப்பா, குடியுரிமைக்கு மனு எழுதக் கொடுத்த இரண்டாம் வாரம், எங்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றப் போகிறார்கள் என்ற செய்தியோடு வந்து, சைக்கிளை விற்க ஆள் பார்த்துவிட்டார். மலாக்காவிலேயே பிறந்த அம்மா, பார்த்தேயிராத ஊருக்காக டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே அழுதாள்.

அதே வாரம் பள்ளியில் வாத்தியார், வேலை செய்கிற இரண்டு பேரைப் பேட்டி எடுத்துவரச் சொன்னார். என்ன தெரியும், எப்படித் தெரியும், எது தெரியாது என்று மூன்றே கேள்விகள். "சொன்னாங்க" என்று மட்டும் எழுதிவந்தால் சிவப்பு மையால் அடித்துவிடுவார். சொன்னவர் தாமே பார்த்தாரா என்று கேட்டாக வேண்டும்.

அப்பாவுக்குச் செய்தி சொன்னவர் ஜாலான் பெண்டஹாரா தெருவில் முடி வெட்டும் மாமா என்பதால், நோட்டோடு அங்கே போனேன்.

"அட, ஊமைக் குயில் வந்துருக்கு! முடி வெட்டணுமா?" என்று சிரித்தார். கப்பல் சேதி எப்படித் தெரியும் என்று நான் நோட்டைப் பார்த்தே கேட்டேன்.

"இந்தக் கண்ணால பார்த்தேன்மா. பக்கத்துல டைப் அடிக்கிற ஐயா, எல்லார் பேப்பரையும் டிராயருக்குள்ள வச்சாரு. உங்கப்பா பேப்பர் மட்டும் மேசைமேல, கல்லுக்குக் கீழ. அது கப்பலுக்குத்தான்."

"கப்பலுக்குன்னு யாரு மாமா சொன்னா?"

கத்தரிக்கோல் நின்றது. "யாரும் சொல்லல. வேற எதுக்குத் தனியா வைப்பாங்க?"

கடைமுன் நடைபாதையை நாங்கள் "அஞ்சடி" என்போம். அந்த அஞ்சடியில்தான் மனு எழுதும் ஐயா டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருப்பார்.

"கல்லுக்குக் கீழயா? அது சாட்சி வராத பேப்பரும்மா. இத்தனை வருசம் இங்கதான் இருக்காருன்னு ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும். சொல்லலாம்னா உங்கப்பா ஆளையே காணோம்."

"உங்களுக்குத் தெரியாதது என்னங்கய்யா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குடியுரிமை சூராட் கெடைக்குமா கெடைக்காதான்னு தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசவும் மாட்டேன். அப்படியே எழுதிக்க."

சாயங்காலம், எழுத்து தெரியாத அப்பாவுக்கு நோட்டைப் படித்துக் காட்டினேன். மாமா பார்த்தது கல்லும் காகிதமும்தான், கப்பல் அவராகச் சேர்த்தது என்ற இடத்தில் அப்பா மறுபடி படிக்கச் சொன்னார். மூன்று தடவை படித்தேன். "நீயா கேட்ட?" என்றார். அம்மா உலை வைக்க எழுந்து போனாள்.

இப்போது அந்த அஞ்சடியில் மேசையும் இல்லை, டைப்ரைட்டர் சத்தமும் இல்லை. சலூன் இருந்த இடத்தில் சேலைக் கடை. நோட்டை எப்போது தொலைத்தேன் என்று தெரியவில்லை.

நோட்டைப் படித்துக் காட்டிய மறுநாள் அப்பா வேலைக்குப் போகவில்லை. முடி வெட்டும் மாமா மத்தியானம்வரை கடையைப் பூட்டிவிட்டு, அப்பாவோடு ஐயாவின் மேசைக்கு வந்து, முதல் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார்.