சுவரில் வரைந்த செருப்பு

தெய்வநாயகி இருபது வருஷமாக மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறவள். சென்னையிலிருந்து நாலு பேர் வந்து உப்புக் கிடங்குச் சுவரில் இலவசமாகப் படம் வரைவதை அவள் நம்பவில்லை. நிலத்துக்குத்தான் நோட்டம் விடுகிறார்கள் என்று தினமும் கூடையோடு நின்று கவனித்தாள்.

மூன்றாம் நாள் சுவர்ப் படத்தில் ஒரு பெண் செருப்போடு உப்புப் பாத்தியில் நின்றாள்.

"ஏம்மா, செருப்போட எறங்குனா உப்பு அழுக்காயிடும். மேஸ்திரி தொரத்திடுவாரு."

வரைந்துகொண்டிருந்த சங்கீதா கோபப்படவில்லை. உடனே செருப்பை அழித்துவிட்டு, "வேற என்னக்கா தப்பா இருக்கு?" என்று கேட்டாள்.

தெய்வநாயகிக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. போன வருஷம் வரப்பு உடையப் போகிறதென்று அவள் சொன்னதற்கு மேஸ்திரி, "வாய மூடிட்டு வேலையப் பாரு" என்றார். மறுநாள் உடைந்தது.

வீட்டில் புருஷன் பஞ்சநாதனிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நான் சொன்னா கேக்குறாங்கய்யா. ஏதோ விஷயம் இருக்குது."