விதைக்கு விட்ட காய்

தொண்ணூறுகளின் நடுவில் கல்யாணமாகிப் பல்லடம் பக்கம் வந்தேன். அம்மா வெள்ளரி விதையைச் சாம்பலில் புரட்டி, துணியில் முடிந்து கொடுத்தனுப்பியிருந்தாள். முதல் வருஷக் காய் அவ்வளவு ருசி. மாமியாரே உப்புத் தொடாமல் தின்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வேலியோரம் கிடந்த பெரிய காயில் சிவப்பு நூலைக் கட்டி விதைக்கு விட்டேன். நூல் கட்டிய காயை யாரும் பறிக்க மாட்டார்கள், வாயில் வைத்தும் பார்க்க மாட்டார்கள். பார்வைக்கு மொழுமொழுவென்று இருந்தது, அது போதுமென்று நினைத்துவிட்டேன். வற்றல் போடுகிற கசப்பு மிதுக்கங்கொடி அதே வேலியில் பூத்துக் கிடந்ததையும், வண்டு அதன் மகரந்தத்தை என் வெள்ளரிப் பூவில் சேர்த்ததையும் யார் கண்டது?

அடுத்த வருஷம் காய்த்ததெல்லாம் கசப்பு. நுனியை அறுத்து, நுரை வருமட்டும் வட்டமாகத் தேய்த்துப் பார்த்தேன். ம்ஹும். ஒரு துண்டு கூடத் தின்ன முடியவில்லை.

“ஏனம்மணி, உங்கம்மா வெள்ளரி வெதை குடுத்தாங்களா, வேப்பங்கொட்டை குடுத்தாங்களா?” என்றார் மாமியார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரியிடமும் அதையே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டுவதென்றால் என்னைத் திட்ட வேண்டியதுதானே, அம்மாவை எதற்கு இழுக்க வேண்டும்?

“போன வருசம் நல்லா இருந்துச்சுங்களே அத்தை” என்றேன்.

“அதை ஆரு இல்லைன்னாங்க?” என்றுவிட்டு உள்ளே போய்விட்டார்.

நல்ல விதை வாங்கி வந்து அவர் வாயை அடைத்தே தீருவது என்று காங்கேயத்துக்கு பஸ் ஏறினேன். அம்மா வீட்டுக் கொல்லையில் வெள்ளரிப் பாத்தியைக் காணோம். தேங்காய் உலர்த்துவதற்காக அண்ணன் அங்கே சிமென்ட் களம் போட்டிருந்தான்.

நான் வாய் திறப்பதற்குள், காப்பியை ஆற்றிக்கொண்டே அம்மா கேட்டாள்: “காய் எப்படி இருக்குது கண்ணு?”

மாமியார் சொன்னது தொண்டை வரை வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும், “சக்கரையாட்ட இருக்குதும்மா” என்றுவிட்டேன்.

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “அப்ப மறுக்கா வாரப்ப நாலு வெதை கொண்டா சாமி. எங்கிட்ட ஒண்ணுகூட இல்லை, இருந்ததையெல்லாம் உனக்கு முடிஞ்சு குடுத்துப்போட்டேன். ஒரு தகர டின்னுலயாச்சும் நட்டுக்கறேன்.”

“சரிம்மா” என்றேன். என் டப்பாவில் இருந்ததெல்லாம் கசந்துபோன அந்த வெள்ளரிக் கொடியின் விதைதான். வேறு விதை என்னிடமும் இல்லை.